லாப்ரடாருக்குத் தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாரின் எடை 38 கிலோ. எடையைக் குறைக்க, தயிர்சாதத்தை நிறுத்திவிட்டு மருத்துவர் சொன்ன உலர் தீவனத்தை அளந்து வைக்கிறோம். இப்போது தண்ணீரை மிக அதிகமாகக் குடிக்கிறான். குறைக்க வேண்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: தயவுசெய்து குறைக்காதீர்கள். சோற்றில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான். உலர் தீவனத்திலோ பத்து சதவீத அளவே ஈரம். முன்பு சாப்பாட்டோடு உள்ளே போன நீரை இப்போது கிண்ணத்தில் தேடுகிறான், அவ்வளவுதான். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி என்பது பொதுக் கணக்கு. உங்கள் பையனுக்கு சுமார் இரண்டு லிட்டர். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும் என்பதால், திருச்சி வெயிலில் இன்னும் கூடும்.

தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கொடுங்கள். வயிறும் நிறையும், கலோரியும் ஏறாது. பால் வேண்டாம். வெங்காயம் சேர்ந்த ரசம், சூப் கூடவே கூடாது. அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

தோலைக் கிள்ளிப் பார்த்து நீரிழப்பைக் கண்டுபிடிக்கும் வழக்கத்தைக் குண்டான நாயிடம் நம்பாதீர்கள். கொழுப்பு தோலைச் சட்டென்று பழைய நிலைக்குத் தள்ளிவிடும். ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்க வேண்டும், பிசுபிசுப்பு ஆகாது.

ஒரே நாள் மட்டும் அளந்து ஊற்றி, எவ்வளவு குடிக்கிறான் என்று குறித்துவையுங்கள். நான்கு லிட்டரை நெருங்கினாலோ, வாரத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினாலோ, உடனே மருத்துவரிடம் கூட்டிப்போய்ச் சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள்.