கலவையிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

அன்புள்ள கயல்விழி,

எலும்பு வளர்வதற்கான தாங்கி ஒன்றைச் செய்ய, பாலிலாக்டிக் அமிலத்தையும் பாலிகேப்ரோலாக்டோனையும் கலக்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. முன்னது விறைப்பானது, ஆனால் எளிதில் முறியும், பின்னது வளைந்துகொடுக்கும். இரண்டும் உடலுக்குள் மெல்லச் சிதைபவை. கலவை தயாரானதும் அதனிடம் இரண்டு கேள்விகளைக் கேள்.

முதல் கேள்வி: இரண்டும் கலந்தனவா? பாலிமர்கள் நீண்ட சங்கிலிகள். எளிதில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கண்ணால் பார்த்து முடிவுசெய்யாதே, சூடேறும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியில் சூடேற்றிப் பார். விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை பாலிலாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ். மற்றதற்கு ஏறத்தாழ மைனஸ் 60. முழுதாகக் கலந்திருந்தால் இடையில் ஒரே ஓர் இளகுநிலை தெரியும், பிரிந்திருந்தால் இரண்டு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாலிகேப்ரோலாக்டோனின் படிகங்கள் உருகுவதும் ஏறத்தாழ 60 டிகிரியில்தான். அது மற்றதன் இளகுநிலையை மறைத்துவிடும். ஆகவே திரவ நைட்ரஜனில் குளிர்வித்து முறித்த பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார். பெரும்பாலும் ஒன்றுக்குள் மற்றது சிறு துளிகளாகப் பிரிந்து நிற்கும். அதற்காக மனம் தளராதே. துளிகள் நுண்ணியவையாகவும் சுற்றியுள்ளதை இறுகப் பற்றியும் இருந்தால் முறியாத தன்மை கூடும்.

இரண்டாம் கேள்வி: செல்கள் இதைத் தாங்குமா? ஐ.எஸ்.ஓ. 10993-5 தரநெறி வழிகாட்டும். மாதிரியை வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, அந்த ஊறல்நீரை எல்929 என்னும் எலிச் செல்களுக்குக் கொடு. பிறகு எம்.டி.டி. சாயத்தைச் சேர். உயிருள்ள செல்கள் அதன் மஞ்சளை ஊதாவாக மாற்றும். ஊறல்நீர் படாத செல்களோடு ஒப்பிட்டால், உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கூடவே, நிச்சயம் கொல்லும் பொருள் ஒன்றையும் தீங்கற்ற பொருள் ஒன்றையும் சோதி. அவை எதிர்பார்த்தபடி நடந்தால்தான் உன் எண்ணை நம்பலாம்.

செல்கள் மடிந்தால் உடனே பாலிமரைக் குறைசொல்லாதே. பாலிமர்களைக் கரைக்கப் பயன்படுத்திய குளோரோஃபார்ம் மாதிரியில் எஞ்சியிருக்கலாம். நன்றாக உலர்த்தி மீண்டும் சோதி.

இரண்டு பாலிமர்களும் தனித்தனியே மருத்துவத்தில் பயன்படுபவை என்பது உன் கலவைக்குச் சான்றாகாது. நன்றாகக் கலந்திருப்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. நாளை ஒருவர் உடலுக்குள் போகக்கூடிய பொருள் இது. இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை கிடைக்கும்வரை அதைப் பாதுகாப்பானது என்று எழுதாதே.

அன்புடன்,
உன் சித்தி