துறைமுகம் ராட்டர்டாமில், சட்டம் பிரஸ்ஸல்ஸில்

ஏற்றுமதியில் புதிதாக இறங்கும் வணிகர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நெதர்லாந்துக்கு எள் அனுப்பலாம் என்றிருக்கிறோம். அந்த நாட்டு இறக்குமதிச் சட்டம் என்ன சொல்கிறது?" கேட்பதில் பிழையில்லை. ஆனால் இறக்குமதித் தீர்வை, அளவுக் கட்டுப்பாடு, பூச்சிமருந்து எச்ச வரம்பு ஆகியவற்றில் நெதர்லாந்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஐரோப்பாவிலேயே பெரிய துறைமுகமான ராட்டர்டாம் அங்கேதான் இருக்கிறது. சரக்கைத் திறந்து பார்க்கிற அதிகாரியும் டச்சுக்காரர்தான். அவர் கையில் இருக்கும் சட்டப் புத்தகம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது.

இது சட்டம் படிப்பவர்களுக்கு மட்டும் உரிய நுணுக்கம் அல்ல. ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் கப்பல் கூலி இரண்டு முறை, துறைமுகத்தில் கிடந்த நாள்களுக்குத் தாமதக் கட்டணம், ஆய்வுக்கூடச் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாக வாங்குபவரின் நம்பிக்கை என்று இழப்பு நான்கு பக்கமும் வரும். யார் விதி போடுகிறார்கள், யார் அதை நிறைவேற்றுகிறார்கள் என்று பிரித்தறியாமல் வியாபாரம் பேசுவதால் வரும் நஷ்டம் இது. ஆகவே நெதர்லாந்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்ப்போம்.

பங்காளிகள் சேர்ந்த கதை

நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பர்க் ஆகிய மூன்று சிறிய நாடுகளும் 1948லேயே தங்களுக்குள் ஒரு சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டன. 1957 மார்ச் 25 அன்று ரோம் நகரில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி ஆகியவையும் சேர்ந்து ஆறு நாடுகளாக ஒப்பந்தம் செய்தன. 1968 ஜூலை 1 முதல் இந்த ஆறு நாடுகளுக்குள் சுங்கவரி ஒழிந்தது. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஆறும் ஒரே தீர்வை விதித்தன. 1993 ஜனவரி 1 முதல் உள் எல்லைகளில் சரக்கு லாரிகளை நிறுத்திச் சுங்கச் சோதனை செய்யும் வழக்கமும் நின்றுபோயிற்று. இன்று ஒன்றியத்தில் 27 நாடுகள்.

உள்ளே சோதனை கிடையாது என்ற அந்த ஒரு காரணத்திலிருந்தே மற்றதெல்லாம் பிறக்கிறது. 27 பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரே களஞ்சியம். அதற்குப் பல வாசல்கள். ராட்டர்டாம் வாசலில் ஒரு மூட்டை உள்ளே போய்விட்டால், பிறகு அது போலந்து கிராமத்து மளிகைக் கடைவரை யாரும் தடுக்காமல் போகும். ஒரு பங்காளி மட்டும் தன் வாசலில் தீர்வையைக் குறைத்தால் எல்லாச் சரக்கும் அந்த வழியாகத்தானே நுழையும்? அதனால்தான் வெளிநாட்டு வணிகக் கொள்கையை வகுக்கும் அதிகாரத்தை உறுப்பு நாடுகள் ஒன்றியத்திடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டன. உலக வணிக அமைப்பில் நெதர்லாந்துக்கு உறுப்பினர் பலகை உண்டு. பேசுவது பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம்.

நமக்கு இது புரியாத ஏற்பாடு அல்ல. 2017 ஜூலை 1க்குப் பிறகு ஒரு பொருளுக்கு எவ்வளவு வரி என்று கேட்டால் சென்னைக் கோட்டையைக் காட்டுவதோடு நிறுத்த முடிகிறதா? ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எல்லா மாநிலங்களும் உட்கார்ந்து எடுக்கும் முடிவு அது. நம் மாநில அமைச்சரும் அங்கே ஒரு குரல்தான். நெதர்லாந்தின் நிலையும் ஏறக்குறைய அப்படியே. விதிகளில் பெரும்பாலானவை வாக்கெடுப்பில் முடிவாகின்றன. உறுப்பு நாடுகளில் 55 சதவீதம், மக்கள்தொகையில் 65 சதவீதம் ஆதரவு இருந்தால் போதும். எதிர்த்து வாக்களித்த நாடும் மறுநாள் முதல் அதே விதியைத்தான் நிறைவேற்றியாக வேண்டும்.

தீர்வை யாருக்குப் போகிறது?

திருப்பூர் பனியனை எடுத்துக்கொள்வோம். ஆயத்த ஆடைகளுக்கு ஒன்றியத்தின் வழக்கமான தீர்வை 12 சதவீதம். வளரும் நாடுகளுக்கான சலுகைத் திட்டத்தில் இந்திய ஆடைகளுக்குப் பல ஆண்டுகள் இது 9.6 சதவீதமாக இருந்தது. பங்களாதேஷ் ஆடைக்கோ, மிகவும் பின்தங்கிய நாடுகளுக்காக 2001இல் கொண்டுவந்த திட்டத்தின் கீழ் தீர்வையே இல்லை. ஹாம்பர்க்கில் இறக்கினாலும் பார்சிலோனாவில் இறக்கினாலும் இந்தக் கணக்கில் ஒரு பைசா மாறாது. "ஸ்பெயின் பார்ட்டியிடம் சொல்லித் தீர்வையைக் குறைக்கச் சொல்லலாமா?" என்றால், அந்தப் பார்ட்டியால் மட்டுமல்ல, ஸ்பெயின் பிரதமராலும் தனியாக அது முடியாது. இந்தியாவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சு 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மறுபடி தொடங்கியபோது மேசையின் எதிர்ப்பக்கம் இருந்ததும் ஆணையமே. இலங்கைக்கு இருந்த கூடுதல் சலுகையை 2010இல் நிறுத்திவைத்து 2017இல் திருப்பிக் கொடுத்ததும் ஒன்றியம்தான்.

வசூலாகும் தீர்வையும் நெதர்லாந்தின் கஜானாவில் தங்குவதில்லை. 2021 முதல் உள்ள கணக்குப்படி 100 யூரோ வசூலித்தால் 75 ஒன்றியத்தின் நிதிக்குப் போகும். 25ஐ வசூல் கூலியாக வைத்துக்கொள்ளலாம். கமிஷன் மண்டிக் கணக்குப் போலத்தான்.

கூலி வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரிட்டன் உறுப்பினராக இருந்த காலத்தில், சீனாவிலிருந்து வந்த துணிகளுக்கும் காலணிகளுக்கும் மிகக் குறைந்த விலை காட்டி இன்வாய்ஸ் போட்டு இறக்கினார்கள். பிரிட்டிஷ் சுங்கத்துறை அதைச் சரிவரத் தடுக்கவில்லை என்று ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2022 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டன் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்தது. பிரிட்டன் அதற்குள் ஒன்றியத்தைவிட்டே விலகியிருந்தது. ஆனாலும் 200 கோடி பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. ராட்டர்டாம் அதிகாரி நம் இன்வாய்ஸ் விலையைத் துருவிக் கேட்டால் அது அவருடைய சொந்தக் கெடுபிடி என்று நினைக்கவேண்டாம். விட்டுவிட்டால் பணம் அவருடைய அரசின் பையிலிருந்து போகும்.

எள்ளுக்கு வந்த சோதனை

தீர்வையைவிட நம்மை அதிகம் பாதிப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளே. எள்ளுக்கு ஐரோப்பாவில் தீர்வை பூஜ்யம். அப்படியிருந்தும் 2020இல் நம் எள்ளுக்குக் கதவு பாதி அடைபட்டது.

அவ்வாண்டு செப்டம்பரில் பெல்ஜியம் அதிகாரிகள் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் இருப்பதைக் கண்டார்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்லப் பயன்படும் வாயு அது. உணவுப் பொருளில் அதைப் பயன்படுத்த ஐரோப்பாவில் அனுமதி இல்லை. எள்ளில் எச்சம் கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. சில மாதிரிகளில் அந்த வரம்பைப்போல் 1000 மடங்குக்கும் மேல் இருந்தது. உறுப்பு நாடுகளுக்குள் 1979 முதல் இயங்கிவரும் விரைவு எச்சரிக்கை அமைப்பில் பெல்ஜியம் செய்தியைப் போட்டதும், ஒவ்வொரு நாடும் தன் கடைகளில் தேடத் தொடங்கியது. எள் தூவிய ரொட்டி, பிஸ்கட் என்று பல நாடுகளில் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். அக்டோபர் மாதமே ஆணையத்தின் விதி வந்துவிட்டது. இந்திய எள் ஒவ்வொரு லோடுடனும் ஆய்வறிக்கையும் அரசுச் சான்றிதழும் வரவேண்டும். அதன்மேலும் வந்திறங்கும் லோடுகளில் 100க்கு 50ஐ மாதிரி எடுத்துச் சோதிக்கவேண்டும்.

கண்டுபிடித்தது ஒரு நாடு. விதி அத்தனை நாடுகளுக்கும். வாயுவையே தொடாத வணிகரின் எள்ளும் அதே வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. இது நியாயமா என்று கேட்டால் நமக்கும் மனம் ஒப்பவில்லைதான். ஆனால் விதி எழுதுகிறவர் சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்க்கிறாரே தவிர, எந்தக் கடையிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

மிளகாய்த் தூள் விஷயமும் இப்படித்தான். 2003 மே மாதம் பிரான்சு நாட்டில், இந்திய மிளகாய் சேர்ந்த பொருள்களில் சூடான்-1 என்ற சாயம் இருப்பது தெரியவந்தது. ஜூன் மாதம் ஒன்றியம் முழுவதற்கும் அவசர உத்தரவு போட்டார்கள். கொச்சியில் உள்ள நம் நறுமணப் பொருள் வாரியம் ஏற்றுமதி மிளகாய்க்குக் கட்டாயச் சோதனை கொண்டுவந்தது அதன் பிறகுதான்.

அரிசியில் டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சாண மருந்தின் வரம்பை 2017இல் வெளியான விதி கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆகக் குறைத்தது. வயலில் மருந்து அடிக்கும்போதே ஏற்றுமதி முடிவாகிவிடுகிறது என்ற நிலை. தனியாக வரம்பு குறிக்கப்படாத மருந்து எதுவானாலும் இந்த 0.01தான் பொது வரம்பு என்பதையும் உறுப்பினர்கள் நினைவில் வைக்கவேண்டும். "எங்கள் மருந்து ஐரோப்பியப் பட்டியலிலேயே இல்லை" என்று விவசாயி சொன்னால் அது நல்ல செய்தி அல்ல.

இன்னோர் உதாரணம் மாம்பழம். 2013இல் இந்தியாவிலிருந்து சென்ற பழம், காய்கறி லோடுகளில் 207இல் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்தன என்று சொல்லி, 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இலை ஆகிய ஐந்தையும் ஒன்றியம் தடை செய்தது. அல்போன்சா சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. லண்டன், லெஸ்டர் கடைக்காரர்கள் தவித்தார்கள். லெஸ்டர் தொகுதி எம்.பி. கீத் வாஸ் தடையை நீக்கக் கோரி இயக்கமே நடத்தினார். பிரிட்டிஷ் அரசால் பிரஸ்ஸல்ஸில் பேச முடிந்ததே தவிர, தன் துறைமுகத்தை மட்டும் திறந்துவிட முடியவில்லை. இந்தியா தன் சோதனை நிலையங்களைச் சீர்செய்து, ஐரோப்பிய ஆய்வாளர்கள் வந்து பார்த்துப்போன பிறகு, 2015 ஜனவரியில்தான் மாம்பழத்தடையை விலக்க முடிவானது. மற்ற நான்கும் காத்திருந்தன.

ஒரு நாடு தனித்து நடவடிக்கை எடுக்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ஆபத்து என்று கருதி, ஆணையம் அசையாவிட்டால் தற்காலிகமாகத் தடுக்கலாம். டைமெத்தோயேட் மருந்து அடிக்க அனுமதிக்கும் நாடுகளின் செர்ரிப் பழத்தை 2016இல் பிரான்சு அப்படித் தடுத்தது. கவனியுங்கள்: இறுக்கத்தான் இந்த வழி, தளர்த்துவதற்கு அல்ல.

நாட்டின் கையில் மிச்சம் இருப்பவை

மதிப்புக் கூட்டு வரி நாட்டுக்கு நாடு வேறு. பொது விகிதம் நெதர்லாந்தில் 21, ஜெர்மனியில் 19, ஹங்கேரியில் 27 சதவீதம். 15க்குக் கீழே போகக்கூடாது என்பது மட்டும் ஒன்றியத்தின் கட்டளை. நெதர்லாந்தில் உரிய அனுமதி பெற்ற இறக்குமதியாளர் இந்த வரியைத் துறைமுகத்திலேயே ரொக்கமாகக் கட்டாமல், பின்னர் கணக்குத் தாக்கல் செய்யும்போது காட்டிக் கழித்துக்கொள்ளலாம். முதல் முடங்காது. ஜெர்மனிக்குப் போகிற சரக்குகூட ராட்டர்டாமில் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தீர்வை ஒன்றாக இருக்கும்போது வசதியில்தானே போட்டி!

லேபிளில் என்ன இருக்கவேண்டும் என்பது ஒன்றியத்தின் விதி. எந்த மொழியில் என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிடவேண்டும். அந்த 14இல் எள், கடுகு, வேர்க்கடலை, கோதுமை, பால் எல்லாம் உண்டு. முறுக்கு, பொடி, ஊறுகாய் அனுப்புகிறவர்களுக்கு இதில் தப்பிக்க வழியே இல்லை. அதே ஊறுகாய் பாட்டில் ஆம்ஸ்டர்டாம் கடையில் டச்சு மொழியிலும் பெர்லின் கடையில் ஜெர்மன் மொழியிலும் பேசவேண்டும்.

"ராட்டர்டாமில் கண்டிப்பு அதிகம், வேறு சிறிய துறைமுகத்தில் இறக்கிக் கொடுக்கிறேன்" என்று சொல்லும் தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. ஒரு வாசலில் மறுக்கப்பட்ட லோடு பொதுக் கணினிப் பதிவில் ஏறிவிடும். மற்ற வாசல்களிலும் அது தெரியும்.

விலை பேசுமுன் செய்யவேண்டியது, சரக்கின் குறியீட்டு எண்ணை வாங்குபவரிடம் எழுத்தில் பெறுவது. முதல் 6 இலக்கம் உலகெங்கும் ஒன்றே. எள்ளுக்கு 1207 40. ஐரோப்பிய இறக்குமதிக்கு அது 10 இலக்கமாக நீளும். அந்த எண்ணை ஒன்றியத்தின் தீர்வைப் பட்டியலில் பார்த்தால் தீர்வை, சலுகை, சான்றிதழ் எல்லாம் ஒரே இடத்தில் வரும். எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கூடுதல் சோதனைக்கு உரிய பொருள்களின் பட்டியல் வேறு. கறிவேப்பிலை, வெண்டைக்காய், முருங்கைக்காய் ஆகியவையும் அதில் இடம்பெற்றதுண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதைத் திருத்தி ஆராய்கிறார்கள். போன தை மாதம் பார்த்த பட்டியலை நம்பி ஆடியில் லோடு ஏற்றக்கூடாது. சோதனையில் சரக்கு நின்றால் தாமதக் கட்டணம் யார் தலையில் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

எல்லையோர நாடுகளில் சற்றுக் குழப்பம் உண்டு. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. தீர்வை அதன் சொந்தம். துருக்கி உறுப்பினர் அல்லாதபோதும் 1996 முதல் தொழிற்சாலைப் பொருள்களுக்கு ஒன்றியத்தோடு சுங்கக் கூட்டில் இருக்கிறது, விளைபொருளுக்கு இல்லை. பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல் தன் தீர்வையைத் தானே வைத்துக்கொள்கிறது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு தனியாகவே வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆனால் வட அயர்லாந்து மட்டும் சரக்கு விதிகளில் பெரும்பாலும் ஒன்றியத்தோடு இணைந்தே இருக்கிறது. லண்டன் பார்ட்டிக்கு அனுப்பிய அதே சரக்கை பெல்ஃபாஸ்ட் கடைக்கும் அனுப்பச் சொல்லி ஆர்டர் வந்தால், பிரிட்டன்தானே என்று பழைய காகிதங்களோடு ஏற்றிவிடாமல், ஐரோப்பியப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.