நொதியை அளத்தல்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டிற்கு அருகே கிளியூர் அருவி வீழ்கின்றது. அம்மலைச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பல உள. பழம் பறிக்கும் பெண்கள் கூடையுடன் செடிகளுக்கிடையே நுழைந்தால், அவர்தம் உருவம் இலைகளில் மறைந்துவிடும். மாலையில் பழத்தை அளக்கும்போதுதான் எவர் எவ்வளவு பறித்தார் என்பது விளங்கும். ஆயினும், ஒருத்தி முழுநாளும் மற்றொருத்தி அரைநாளும் பறித்திருப்பின், கூடைகளை மட்டும் ஒப்பிடுதல் நேர்மையாகுமா?

மக்கள் உடலிலும் விலங்குகளின் உடலிலும் இவ்வாறே கண்ணுக்குப் புலனாகாது தொழில் புரியும் பொருள்கள் உள. அவற்றை நொதிகள் என்பர். உணவைச் செரிப்பித்தல் முதலிய பல தொழில்கள் அவற்றால் நிகழ்கின்றன. திசுக்களில் நொதி மிகச் சிறிய அளவில் பிற பொருள்களோடு கலந்திருத்தலின், அதனைப் பிரித்து நிறுத்தல் அரிது. ஆதலால், குறித்த நேரத்தில் அது செய்த தொழிலை அளந்தே அதன் ஆற்றலை அறிவர்.

ஈரலில் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் என்னும் நொதி ஒன்று உண்டு. பாஸ்பேட்டோடு பிணைந்த சர்க்கரையை அது விடுவிக்கின்றது. திசுவை அரைத்து, பிணைந்த சர்க்கரையை அதனோடு கலந்து, 37 பாகை வெப்பத்தில் குறித்த நேரம் வைத்து, பின்னர் அமிலமிட்டுத் தொழிலை நிறுத்துவர். பிரிந்த பாஸ்பேட்டின் அளவே நொதியின் ஆற்றலைக் காட்டும்.

அப்பாஸ்பேட்டை அளப்பது எங்ஙனம்? சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் சைரஸ் பிஸ்க் என்பாருடன் கூடி, 1925-ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டார். பாஸ்பேட் உள்ள நீரில் அமிலத்துடன் மாலிப்டேட் உப்பையும் வேறொரு மருந்தையும் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலம் செறியும், குறைந்தால் வெளிறும். அளவறிந்த கரைசலின் நிறத்தோடு இதனை ஒப்பிட்டுக் கணக்கிடுவர்.

பல திசுக்களை ஒப்பிடுங்கால் எடை, வெப்பம், நேரம், அமிலநிலை ஆகிய யாவும் ஒத்திருத்தல் வேண்டும். தொடக்கத்திலேயே அமிலமிட்டு நொதியை முடக்கிய குழாய் ஒன்றும் உடன்வைக்கப்பெறும். அதிற் காணும் பாஸ்பேட்டைக் கழித்த பின்னரே எஞ்சியது நொதியின் தொழிலாகும்.

இங்ஙனம் அளந்தபோது, இந்நொதி ஈரலிலும் சிறுநீரகத்திலும் மிக்கும், தசையில் இல்லை எனத்தக்க அளவிலும் இருத்தல் புலனாயிற்று. ஆகவே, தசை தன் சேமிப்பைத் தானே செலவிடும்; ஈரலோ குருதிக்குச் சர்க்கரையை வழங்கும்.

ஈரல் பருத்தும் குருதியில் சர்க்கரை குன்றியும் வருந்தும் குழந்தைகள் சிலர் உளர். களஞ்சியம் நிறைந்திருந்தும் இல்லத்தார் பசித்திருத்தல் போன்றது அவர் நிலை. 1952-ஆம் ஆண்டில் கெர்ட்டி கோரி, கார்ல் கோரி என்னும் அறிஞர் இருவர், இத்தகைய நோயாளர் பலரின் ஈரலை ஆராய்ந்தனர். அவருள் சிலரது ஈரலில் இந்நொதியின் ஆற்றல் ஏறத்தாழ இல்லை. களஞ்சியம் இருந்தது, அதன் திறவுகோல் இல்லை! பிறவிநோய் ஒன்றற்கு ஈரல் நொதியின் குறையே காரணம் என்பது இதனால் உறுதிப்பட்டது.

காரணம் தெரிந்தமையால் காக்கும் வழியும் பிறந்தது. வேகவைக்காத மக்காச்சோள மாவை நீரிற் கலந்து இடைவிட்டு ஊட்டினால், அது மெல்லச் செரித்துச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குருதிக்கு அளிக்கும் என்பது 1984-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இன்றும் அக்குழந்தைகளுக்கு இம்முறை துணையாகின்றது. நடுவுநிலை பிறழாது அளந்த அளவை, உயிர் காக்கும் அறிவாயிற்றன்றோ?