அண்டை நாட்டு அறிஞரும் காலவரம்புடைய வேலை இசைவும்

முன்னுரை

பொருள் தேடிச் செல்வதைப் ‘பொருள்வயிற் பிரிவு’ எனப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தது தமிழ். அகப்பாடல்களில் பிரியும் தலைவன், கார்ப்பருவத்தில் மீள்வேன் எனக் காலம் குறித்தே செல்கின்றான். அவ்வாறு காலம் குறித்துப் பிரிதலை இக்கால அரசுகள் சட்டமாகவே எழுதி வைத்துள்ளன. அவற்றுள் ஒன்றாகிய, வட அமெரிக்காவின் ‘டி.என்.’ என்னும் வேலை இசைவினை ஈண்டு ஆராய்வோம்.

தோற்றம்

கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் செய்துகொண்ட தடையிலா வணிக உடன்படிக்கை 1989இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் மெக்சிகோவும் இணைய, 1994 சனவரி முதல் நாளிலிருந்து ‘நாஃப்டா’ என்னும் முத்தரப்பு உடன்படிக்கை செயற்பட்டது. 2020 சூலை முதல் நாளில் அதனிடத்தைப் புதிய உடன்படிக்கை ஏற்றது. பண்டங்கள் எல்லை கடக்க வேண்டுமெனில், அவற்றை வடிவமைப்போரும் கணக்கிடுவோரும் கடக்க வேண்டுமன்றோ? இவ்வெண்ணத்தின் விளைவே டி.என்.

தகுதிகள்

அறுபதுக்கும் மேற்பட்ட தொழில்களை உடன்படிக்கை பட்டியலிடுகின்றது. பொறியாளர், கணக்காளர், மருந்தாளுநர், செவிலியர், நூலகர், கல்லூரி ஆசிரியர் முதலியோர் அதில் இடம்பெறுவர். மருத்துவரும் உளர், ஆயின் கற்பித்தற்கும் ஆராய்ச்சிக்குமே அவர்க்கு இசைவு. பெரும்பாலான தொழில்களுக்குப் பட்டமோ உரிமமோ வேண்டும். வேலை தருவோரின் கடிதம் இன்றியமையாதது. சொந்தத் தொழில் நடத்த வழியில்லை.

கனடியக் குடிமகன் உரிய சான்றுகளோடு எல்லையிலோ விமான நிலையத்திலோ நேரே விண்ணப்பிக்கலாம். மெக்சிகோ குடிமகனோ முன்னதாகவே அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விசா பெறவேண்டும். மெக்சிகோவினர்க்கு ஆண்டுக்கு 5,500 என்றிருந்த உச்சவரம்பு 2004இல் நீங்கியது. ஒரு முறைக்கு ஓராண்டாக இருந்த தங்கும் காலம் 2008இல் மூன்றாண்டு வரை நீண்டது. புதுப்பித்தலுக்கு எண்ணிக்கை வரம்பில்லை.

ஒப்பீடு

நம் நாட்டுப் பொறியாளர் நன்கறிந்தது எச்-1பி விசா. அதற்கு ஆண்டுக்கு 65,000 எனவும், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோர்க்கு மேலும் 20,000 எனவும் பொது வரம்புண்டு. டி.என். இசைவுக்கோ அத்தகைய வரம்பில்லை. ஒரே பட்டம் பெற்ற இருவருள் ஒருவர் வரிசையில் காத்திருக்க, மற்றவர் எல்லையை எளிதிற் கடக்கின்றார். வேறுபாடு கல்வியில் இல்லை, கடவுச்சீட்டிலேயே உள்ளது.

கனடாவின் டொராண்டோ நகரில் வாழும் தமிழர்க்கும் இவ்விதியே. கனடியக் குடியுரிமை பெற்ற அண்ணன் டி.என். பெறலாம், அதே வீட்டில் நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்று வாழும் தம்பி பெற இயலாது.

மறுபக்கம்

இவ்வாயில் எளிதாயினும் விருந்தினர்க்கு உரியதே, குடியேறுவோர்க்கு உரியதன்று. தங்குதல் தற்காலிகமானது என்பதை விண்ணப்பிப்பவர் மெய்ப்பிக்க வேண்டும். புதுப்பித்தல் பெருகப் பெருக அதனை மெய்ப்பித்தல் அரிதாகும். வேலை நீங்கின், அறுபது நாள் வரையே பொறுப்புக்காலம். ‘டி.டி.’ என்னும் இசைவில் உடன்செல்லும் துணைவர் படிக்கலாம், ஆனால் பணிபுரியலாகாது. கணவன் பொறியாளராகப் பணியாற்ற, செவிலியர் கல்வி கற்ற மனைவி ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே இருக்க நேரும். பண்டைய தலைவி பிரிவினால் வருந்தினாள். இன்றைய துணைவியோ உடன்சென்றும் தன் கல்வியைப் பிரிந்து வருந்துகின்றாள்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. 2020ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்கு ஆயுள் பதினாறு ஆண்டுகள். ஆறாம் ஆண்டில் கூட்டு மறுஆய்வு எனவும் அதிலேயே விதித்துள்ளனர். வணிகத்தால் திறந்த வாயில் வணிகத்தின் போக்கையே சார்ந்து நிற்கும்.

முடிவுரை

வேலைக்கு அழைக்கப்படுவது வேறு, வாழ அழைக்கப்படுவது வேறு. வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை வழியனுப்பிய நம் பெரியவர்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். எந்நாட்டுக்குச் செல்லினும் மாணவர்கள் முன்னரே வினவ வேண்டியவை மூன்று: இவ்விசைவு யாரைச் சார்ந்தது? எத்துணைக் காலத்திற்கு உரியது? உடன்வருவோர்க்கு என்ன உரிமை தருவது? சம்பளத்தை வினவுமுன் இவற்றை வினவிப் புறப்படுவோர் பின்னர்க் கலங்கார்.