சேறில்லாத பாதையே நல்ல வேலி

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா விமான நிலையத்தை ஒட்டியே ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. ஜான் ஹைன்ஸ் தேசிய வனவிலங்குப் புகலிடம் என்று பெயர். ஒரு காலத்தில் 5,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்த இந்த டினிகம் சதுப்பு, கரை கட்டியும் மண் கொட்டியும் சுருங்கிப்போனது. மிஞ்சியதைக் காக்க 1972-இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றியது. பக்கத்தில் நெடுஞ்சாலை இரைகிறது, தலைக்கு மேல் விமானங்கள் பறக்கின்றன. அதற்கு நடுவிலும் வெண்தலைக் கழுகு இங்கே கூடு கட்டுகிறது. படிக்கும் காலத்தில் ஒரு மாணவர் ஃபெலோஷிப் மூலம் இங்குள்ள நடைபாதையைச் சீர்செய்யும் வேலையில் இருந்தேன். இதுபோன்ற வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு உதவும் என்று, கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

இடம் யாருக்கானது?

பூங்கா வேறு, புகலிடம் வேறு. 1997-இல் வந்த புகலிடச் சட்டத்தின்படி இங்கே முதலிடம் உயிரினங்களுக்குத்தான். பறவை பார்ப்பது, படம் எடுப்பது, மீன் பிடிப்பது எல்லாம் அவற்றுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கே அனுமதி. அப்படியானால் பாதையின் வேலை என்ன? மனிதக் கால்களை ஒரே கோட்டில் வைத்திருப்பது. நடக்கச் சுகமாக இருந்தால் யாரும் பாதையை விட்டு இறங்குவதில்லை. நாங்கள் செய்த ஒவ்வொரு வேலையும் இதையே நோக்கமாகக் கொண்டது.

மழை விட்டதும் போய்ப் பாருங்கள்

வெயில் நாளில் எல்லாப் பாதையும் நன்றாகத்தான் தெரியும். மழை விட்ட கையோடு போனால் குறை கண்ணில் படும். பாதை நடுவே ஒரு குட்டை தேங்கியிருக்கும். அதைச் சுற்றிப் போன காலடித் தடங்கள் ஓரத்துப் புல்லை மிதித்துச் சேறாக்கியிருக்கும். அடுத்த மழையில் அந்தச் சேற்றையும் சுற்றிக்கொண்டு போவார்கள். இப்படித்தான் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு விரிந்து, செடிகளைத் தின்றுவிடுகிறது.

பள்ளத்தில் மண்ணைக் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். பாதையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தியோ, ஒரு பக்கமாகச் சரித்தோ விட வேண்டும். மீட்டருக்கு ஐந்து செ.மீ. சரிவு, அதாவது 5 சதவீதம், தண்ணீர் வடியப் போதும். மண், ஜல்லிப் பாதைகளில் சக்கர நாற்காலி போகவும் அமெரிக்க விதி அனுமதிக்கும் அதிகபட்சப் பக்கச் சரிவு இதுவே. அகலம் குறைந்தது 91 செ.மீ. இருக்க வேண்டும். மண்வெட்டியோடு அளவு நாடாவும் மட்டப்பலகையும் கையில் இருக்கட்டும்.

வேலைக்கு முன் நாள்காட்டி

வசந்தத்தில் கிளை வெட்டக் கை பரபரக்கும், ஆனால் அப்போதுதான் புதருக்குள் கூடுகள் இருக்கும். வலசைப் பறவைகளின் கூட்டைக் கலைப்பதை 1918-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கிளை வெட்டும் வேலையைக் குளிர்காலத்துக்குத் தள்ளுங்கள். ஜூன் மாதத்தை ஒட்டி ஆமைகள் கரையேறி, பாதையோரத்து இளகிய மண்ணைப் பின்னங்கால்களால் தோண்டி முட்டையிடும். அந்த நாட்களில் ஓரத்து மண்ணைக் கிளறக் கூடாது. எந்த மாதம் எந்த வேலை என்று புகலிட உயிரியலாளரிடம் கேட்டு முதலிலேயே ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

களையைப் பிடுங்குவதிலும் முறை உண்டு

ஃப்ராக்மைட்டீஸ் நாணலும் ஜப்பானிய நாட்வீடும் அந்த மண்ணின் பெரிய தலைவலி. நாட்வீடின் வேர்த்துண்டு ஒன்று ஈரத்தில் கிடந்தாலே மறுபடி துளிர்க்கும். ஆகவே வெட்டியதைப் பாதையோரம் குவிக்காமல் பையில் கட்டி அகற்றுங்கள். கிளம்பும் முன் காலணி மண்ணை அங்கேயே தேய்த்துத் தட்டிவிடுங்கள். விதை உங்கள் காலோடு வேறு சதுப்புக்குப் போகக் கூடாது. மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்ஸன் ஐவியைத் தொட்டால் தோல் கொப்புளிக்கும். உண்ணிக் கடியால் லைம் நோய் வரலாம். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், மாலையில் உடம்பு முழுக்கப் பாருங்கள்.

பலகையில் காரணத்தை எழுதுங்கள்

'பாதையை விட்டு இறங்காதீர்' என்ற கட்டளையை மக்கள் வாசித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். 'இந்த ஓரத்து மண்ணுக்குள் ஆமை முட்டைகள் இருக்கின்றன, நடுவில் நடங்கள்' என்றால் குழந்தைகளே பெற்றோரின் கையைப் பிடித்து நடுவுக்கு இழுக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி மட்டும், நாலைந்து வரிகளில் எழுதுங்கள்.

அடுத்தவருக்கு ஒரு கோப்பு

ஃபெலோஷிப் முடிந்துவிடும், மழை முடியாது. வடிகால்களில் இலை அடைத்தால் பழைய சேறு திரும்பிவிடும். எந்த இடத்தில் என்ன செய்தீர்கள், எதை எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பதை வரைபடத்தில் குறித்து, வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களோடு ஒப்படையுங்கள். புதிதாக நீளமாகப் பாதை போடுவதைவிட, அடுத்து வருபவர் பராமரிக்க முடிந்த அளவுக்குச் சரிசெய்து கொடுப்பதே அந்தச் சதுப்புக்கு நீங்கள் செய்யும் நல்ல உதவி.