தாழி மண்ணுக்கு ஏன் இத்தனை பொறுமை?

கேள்வி: முதுமக்கள் தாழியைத் திறந்ததும் உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு எலும்பையும் பானையையும் எடுக்கலாமே? அகழாய்வாளர்கள் பிரஷ்ஷால் வாரக்கணக்கில் ஏன் தடவிக்கொண்டிருக்கிறார்கள்?

பதில்: அள்ளிக் கொட்டினால் பானை கிடைக்கும், கதை போய்விடும். தாழிக்குள் எல்லா மண்ணும் ஒரே நாளில் விழுந்ததல்ல. அடியில் இருப்பது புதைத்தவர்கள் வைத்தது. அதன்மேல் மெல்லிய வண்டல் படிந்திருந்தால், மூடி விரிசல் விட்டு மழைநீர் கசிந்திருக்கிறது என்று பொருள். மேலே ஓட்டுச் சில்லுகளோடு கலந்து கிடப்பது மூடி உடைந்தபோது சரிந்தது. இந்த வரிசை தெரியவேண்டுமென்றால், முதலில் பாதி மண்ணை மட்டும் கரணையால் சீவி எடுக்க வேண்டும். மீதிப் பாதி வெட்டிய கேக் போல நிற்கும். அந்த முகத்தைப் பார்த்து வரைந்து, நிறம் குறித்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்த பிறகுதான் அதில் கை வைப்பார்கள்.

எடுத்த மண்ணையும் வீசுவதில்லை. சலிப்பார்கள்; கொஞ்சத்தை நீரில் கரைப்பார்கள். கரிந்த தானியம் மிதந்து வரும். பழனி அருகே பொருந்தலில் ஓர் ஈமக்குழியிலிருந்த ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்றது கரிமக் கணிப்பு. சிவகளை என்னும் ஊரில் கிடைத்த தாழி நெல்லோ கி.மு. 1155 வரை போகிறது. அவசரக்காரர் கையில் சிக்கியிருந்தால் இரண்டும் மண்வெட்டியோடு போயிருக்கும். எனக்குத் தங்கத்தைவிட அந்த நெல்மணிதான் பெரிது.