தேயும் கைகளும் நஷ்டஈடும்

திண்டுக்கல் என்றவுடன் பூட்டு யாவருக்கும் நினைவிற்கு வரும். இப்பூட்டிற்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் உள்ள பட்டறைகளில், தகட்டையும் சாவிப் பற்களையும் அரத்தால் ராவிச் சரிசெய்யும் கைகளே இப்புகழை ஈட்டித் தந்தன. சின்னாளப்பட்டியில் தறி நெய்யும் கைகளும், நிலக்கோட்டைப் பக்கத்தில் விடியற்காலையில் மல்லிகை மொட்டுப் பறிக்கும் கைகளும் இவ்வாறே ஓயாது உழைப்பவை. இக்கைகள் மெல்ல மெல்லத் தேய்ந்து செயலற்றுப் போனால் அக்குடும்பத்தின் கதி யாது? இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

நோயின் தன்மை

நம் மணிக்கட்டில் எலும்புகளுக்கும் தடித்த நார் ஒன்றிற்கும் இடையே குறுகிய வழியொன்று உண்டு. அதனூடே ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. ஒரே அசைவை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை செய்யும்பொழுது அவ்வழியில் வீக்கம் உண்டாகி நரம்பு நசுக்குண்ணும். அதனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப் போகும். இரவில் வலி மிகும். நாளடைவில் பிடி தளரும். தொடக்கத்திலேயே ஓய்வும் சிகிச்சையும் கிடைத்தால் பெரும்பாலும் குணமாகும். நாள் கடந்தால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிவிடும்.

இந்நோய் புதிதன்று. இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1713-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றிய தமது நூலில், எழுத்தர்களின் கைச்சோர்வைக் குறித்துள்ளார். பிரிட்டனில் தந்தி அடிப்போருக்கு உண்டாகும் கைப்பிடிப்பு, 1908-இல் நஷ்டஈட்டிற்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும் அடிப்படை மாறவில்லை.

தொழிலாளர் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 40. மாதக் கூலி 10,000 ரூபாய். ஒருவர் ஆள்காட்டி விரலை எந்திரத்தில் முழுதும் இழந்தார். கூலியில் நூற்றுக்கு 60 பங்காகிய 6,000 ரூபாயை, அவ்வயதிற்குரிய 184.17 என்னும் எண்ணால் பெருக்க வேண்டும். அத்தொகையில் அவ்விரலுக்குரிய இழப்பான நூற்றுக்கு 14 பங்கைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 1,54,700 ரூபாய் முதலாளியிடமிருந்து அவருக்குச் சேரவேண்டியதாகும்.

மற்றவர் இருபது ஆண்டு அரம் பிடித்துக் கைப்பிடியையே இழந்தார். அவருக்கு நேர்ந்த கேடு பெரிது. ஆனால் கேட்டுப் பெறும் வழியோ கடினம். ஏனெனில் பட்டியலில் இல்லாத நோய்க்கு நஷ்டஈடு பெற வேண்டுமாயின், அந்நோய் வேலையின்போது நேர்ந்த குறிப்பிட்ட ஒரு விபத்தின் நேர் விளைவு என்று காட்ட வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்த கைக்கு விபத்து நாள் எது என்று கூறுவது? மேலும், வீட்டிலிருந்து உருப்படிக் கூலிக்கு வேலை செய்வோர், தம் முதலாளி இன்னார் என்பதற்கே சான்று காட்ட வேண்டியுள்ளது.

செய்யத்தக்கவை

ஆதலின் வருமுன் காப்பதே முதற் கடமை. அரத்திற்குக் கைக்கு அடங்கும் பருமனான மரப்பிடி போடுக. மழுங்கிய அரத்தையும் அரிவாளையும் ஒதுக்குக. அவை மிகுதியான அழுத்தம் கேட்கும். வேலை மேசை முழங்கை மட்டத்தில் அமைதல் நன்று. மணிக்கொரு முறை சில நிமிஷம் கையை ஓய விடுக; இயன்றவரை வேலையை மாற்றி மாற்றிச் செய்க.

விரல் மரத்தால் தாமதியாது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. செய்யும் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் கூறி, அதனைச் சீட்டில் எழுதி வாங்குக. கூலிக் குறிப்பையும் அச்சீட்டையும் பத்திரப்படுத்துக. திடீரெனக் கையில் அடியோ சுளுக்கோ நேர்ந்தால் அன்றே முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்க. பின்னாளில் அதுவே சான்றாகும். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் அத்திட்டத்தின் மருத்துவமனையை அணுகலாம். அமைப்புசாராத் தொழிலாளர்கள் 18 முதல் 60 வயதிற்குள் தமக்குரிய நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். விபத்தால் ஊனமுற்றால் உதவித்தொகையும், 60 வயதிற்குப் பின் ஓய்வூதியமும் அதன் வழியே கிடைக்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது ஒன்று. மே முதல் நாள் தொழிலாளர் தினம். அன்று கிராம சபையும் கூடுகிறது. தம் வார்டில் வாரியப் பதிவு இல்லாத கைத்தொழிலாளர் யார் யார் என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அதற்கு முன்பே குறித்து வைத்து, அன்று சபையில் படித்தல் வேண்டும். விடுபட்டவர்கள் பதிவு செய்துகொள்ள உதவுதலும் வேண்டும். நிலமில்லாதவனுக்குக் கையே நிலம். அது தரிசாகாமல் காப்பதும் கிராம அபிவிருத்தியே ஆகும்.